வெறும் கரைப்பான்

ஜூன் 11, செவ்வாய்

செய்தி வந்துவிட்டது. ஏழாம் பக்கம், கீழ் மூலை. "குடல் புற்றுநோயைத் தடுக்கும் மூக்கிரட்டை: ஆய்வு மாணவி சாதனை."

நிருபரிடம் நான் சொன்னது வேறு. தட்டில் வளரும் புற்றுச் செல்கள் நகர்ந்து பரவுவதை மூக்கிரட்டைக் கீரைச் சாறு குறைப்பது போலத் தெரிகிறது, எலியில்கூட இன்னும் பார்க்கவில்லை என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டார். "போல", "இன்னும்" இரண்டும் அச்சாகவில்லை.

படத்தில் ஒரு கையில் செடி. மறு கை நுண்ணோக்கியின் மேல். செடியை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து தௌஃபீக் பிடுங்கி வந்தான். வேரில் மண். செல் வளர்க்கும் அறைக்குள் மண்ணைக் கொண்டுவரவே கூடாது. படம் எடுத்து முடித்ததும் மேசை முழுக்க ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம்.

"அக்கா, நோபல் வாங்கப் போறப்பவும் இதே சுடிதார்தானா?" என்றான். எனக்கு அடுத்து ஆய்வில் சேர்ந்தவன். வாய் அதிகம்.

என் வழிகாட்டி ஹெப்சிபா மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "தலைப்பு ஜாஸ்திதான். திருத்தம் போடச் சொல்லி ஒரு மெயில் அனுப்பிரும்மா."

"சரி மேடம்."

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் செய்தி வந்திருந்தது. வரிசையாகக் கைதட்டல்கள், பூங்கொத்துகள். சிங்கப்பூர்ச் சித்தி அழும் பொம்மை போட்டிருக்கிறாள்.

மெயில் நாளைக்கு.

ஜூன் 12

துணி துவைத்தேன். விடுதியில் காலையில் மட்டும்தான் தண்ணீர். செல்களுக்கு உணவுத் திரவம் மாற்றினேன்.

ஜூன் 14, வெள்ளி

குருவையா மாமா போன் செய்தார். அம்மாவின் தம்பி. கோவில்பட்டியில் புரோட்டா மாஸ்டர்.

பொங்கல் கழிந்த வாரம் அவருடைய பெருங்குடலில் கட்டி எடுத்தார்கள். வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டியிருக்கிறார்கள். "கண்டக்டர் பை" என்பார், தோளுக்குப் பதில் வயிற்றில் தொங்குகிறதாம். நோய் பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கும் போயிருந்ததால், மேலும் பரவாமலிருக்க மாத்திரை. இரண்டு வாரம் விழுங்க வேண்டும், ஒரு வாரம் விட வேண்டும், மறுபடி விழுங்க வேண்டும். அந்த மாத்திரையில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். மாமாவுக்கு நன்றாகவே உரிந்தது. புரோட்டா மாஸ்டருக்கு உள்ளங்கை இல்லையென்றால் வேலை இல்லை. கல்லிலிருந்து எடுத்த புரோட்டாக்களைச் சூட்டோடு இரண்டு கையாலும் அடித்து உதிர்க்க வேண்டும். சித்திரையிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார்.

"தாயி, பேப்பரப் பாத்தேன். கடையில கல்லாவுக்கு மேல ஒட்டிட்டானுவ. அம்மன் படத்துக்குப் பக்கத்துல."

"ஐயோ மாமா."

"என்ன ஐயோ? இந்தப் பக்கம் ஒரு செண்பகவல்லி, அந்தப் பக்கம் ஒரு செண்பகவல்லி. அவளுக்குச் சூலம், உனக்குச் செடி."

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஏந்தாயி, இந்தக் கீரைய நான் திங்கலாமா?"

"திங்கலாம் மாமா. கீரைதான."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி தாயி. நீ சொன்னாச் சரி."

நீ சொன்னாச் சரி. இன்று முழுவதும் அந்த வாக்கியத்தை வாயில் போட்டுச் சுவைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 20

என் வேலை இதுதான். பிளாஸ்டிக் தட்டில் வரிசையாகச் சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் செல்கள் தரையோடு தரையாகப் பரவிப் பாய் போல் மூடிக்கொள்ளும். அந்தப் பாயின் நடுவே ஒரு கோடு கீறுவேன். மறுநாள் பார்த்தால் இரு கரையிலிருந்தும் செல்கள் ஊர்ந்து வந்து கோட்டை மூடியிருக்கும். அந்த ஊர்தல்தான் உடம்புக்குள் பரவல். சாறு ஊற்றிய குழியில் கோடு மூடாமல் கிடந்தால் சாறு தடுக்கிறது என்று பொருள்.

இந்தச் செல்கள் அறுபது வருடங்களுக்கு முன் யாரோ ஒரு பெண்ணின் குடலிலிருந்து எடுத்தவை. அவள் பெயர் எனக்குத் தெரியாது. அவளுக்குக் கீரை கொடுத்தார்களா என்றும் தெரியாது.

ஜூன் 24

அம்மா பேசினாள். அத்தை தினமும் தண்டவாளத்தை ஒட்டி நடந்து போய் மூக்கிரட்டை பறிக்கிறாளாம். காலையில் சாறு, மதியம் பொரியல். "உன் மாமன் மூஞ்சியில களை வந்திருச்சுடீ" என்றாள்.

மாத்திரை பற்றிக் கேட்க நினைத்தேன். அவளுக்குக் குக்கர் விசில் வந்துவிட்டது.

ஜூலை 2, செவ்வாய்

ஆய்விதழிலிருந்து பதில். நாங்கள் அனுப்பியிருந்த மூக்கிரட்டைக் கட்டுரையைப் படித்த இருவரில் ஒருவர் பாராட்டியிருக்கிறார். மற்றவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: கரைப்பான் மட்டும் ஊற்றிய குழிகளில், ஒவ்வொரு மருந்தளவுக்கும் இணையான கரைப்பான் அளவு பின்பற்றப்பட்டதா?

மேடம் கேட்டார். "போட்டோம்ல?"

"போட்டோம் மேடம்."

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். மூக்கிரட்டைச் சாற்றின் சத்து தண்ணீரில் கரையாது. அதற்கென்று ஒரு கரைப்பான் உண்டு. அதில் கரைத்துத்தான் குழியில் விட வேண்டும். அந்தக் கரைப்பானே அளவு மிஞ்சினால் செல்லை முடக்கும். அதனால் மருந்துக் குழியில் எவ்வளவு கரைப்பான் போகிறதோ, மருந்தில்லாத குழியிலும் அவ்வளவு விட வேண்டும். இளநிலை மாணவருக்கும் தெரிந்தது.

நான் மருந்தில்லாத குழிகளில் எப்போதும் ஒரே அளவுதான் விட்டேன். ஆகக் குறைந்த அளவு. மருந்தைக் கூட்டிக்கொண்டே போனபோது அதனோடு கரைப்பானும் கூடிக்கொண்டே போனது. ஒரு பக்கம் மட்டும்.

மறந்துவிட்டேனா, சோம்பலா என்று யோசித்தேன். இரண்டும் இல்லை. முதல் முறையே கோடு அழகாகத் திறந்து கிடந்தது. பிறகு எதையும் மாற்ற மனம் வரவில்லை.

சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். செல்கள் வளர இரண்டு வாரம் ஆகும்.

ஜூலை 7, ஞாயிறு

கோவில்பட்டி போயிருந்தேன். பங்குனியில் பார்த்த மாமாவுக்கு இப்போது முகம் தெளிந்திருக்கிறது. சாயங்காலம் கடைக்குக் கூட்டிப்போனார். போன வாரத்திலிருந்து வேலைக்குப் போகிறாராம். பனியனுக்குள் பையை ஒரு துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

மாவை எண்ணெயில் தட்டி, விரித்து, வீசினார். ஒவ்வொரு வீச்சிலும் கண்ணாடித்தாள் போல் மெலிந்து பெரிதாகியது. கல்லிலிருந்து ஆறேழை அள்ளி அடுக்கி இரண்டு கைகளாலும் அடித்தார். ஆவி பறந்தது.

"மருமகளே, உன் கீரை வேலை செய்யுது பாரு" என்றார், கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி. ஒருவர் சால்னாவிலிருந்து தலை நிமிர்த்திச் சுவரிலிருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாமா என் இலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டார். கை என் கண் முன்னால் சற்று நேரம் இருந்தது. தோல் மூடிவிட்டது. வெடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. கை தேறிவிட்டது. நல்லது.

இரண்டு புரோட்டா சாப்பிட்டேன். ஏழரை பஸ்.

ஜூலை 9

விடுதியில் மின்விசிறி மாற்றினார்கள். புதியது சத்தம் போடவில்லை. தூக்கம் வரவில்லை.

ஜூலை 11

மாத்திரையில் தோல் உரிவது சிலருக்குத் தானாகவே குறைவதுண்டா என்று தேடிப் படித்தேன். மருந்தைக் குறைத்தால் குறையும். நிறுத்தினால் சில வாரங்களில் ஆறும். விழுங்கிக்கொண்டிருக்கும்போதே முழுவதும் ஆறியதாக எங்கும் இல்லை.

எல்லாவற்றையும் படித்துவிட முடியாது. எங்காவது இருக்கலாம்.

ஜூலை 18, வியாழன்

இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு மருந்துக் குழிக்கும் பக்கத்திலேயே, அதே அளவு வெறும் கரைப்பான் விட்ட ஒரு குழி.

காலையில் இன்குபேட்டரைத் திறந்து தட்டை எடுத்துவந்தேன். நுண்ணோக்கியில் தௌஃபீக்தான் முதலில் பார்த்தான். சாறு விட்ட குழி. கோடு திறந்து கிடந்தது. பக்கத்துக் குழி, வெறும் கரைப்பான். கோடு திறந்து கிடந்தது.

"அக்கா, ரெண்டுல எது மருந்து? மூடியில எழுதாம விட்டுட்டீங்களா?"

"எழுதியிருக்கேன்."

அவன் மூடியைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. "டீ சாப்பிட்டு வர்றேன்" என்று போய்விட்டான். இதுவரை என்னையும் கூப்பிடாமல் போனதில்லை.

மூக்கிரட்டை ஒன்றும் செய்யவில்லை. ஒருநாளும் செய்யவில்லை. ஒன்றரை வருடமாக நான் கரைப்பானின் படங்களை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 19

மேடத்திடம் சொன்னேன். படங்களை வைத்தேன். நிதானமாகப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"அன்னைக்குப் போட்டோம்னு சொன்னியே?"

"குறைஞ்ச அளவுக்குப் போட்டிருந்தேன் மேடம்."

"ம்."

கணினியைத் தன் பக்கம் திருப்பி, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு என் எதிரிலேயே எழுதினார். என்னிடம் படித்துக் காட்டினார். "தவறு எங்கள் ஆய்வகத்துடையது" என்றிருந்தது. என் பெயர் இல்லை.

"பேசாம பழைய படத்தையே அனுப்பிரலாம்னு உனக்குத் தோணலையா?"

"தோணுச்சு மேடம்."

"அதச் சொன்னேல்ல, அது போதும். அந்தப் பத்திரிகைக்குத் திருத்தம் போட்டியே, அவங்க என்ன சொன்னாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. அவர் எடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்துவிட்டேன்.

மெயிலை இன்று அனுப்பினேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. பழைய செய்தி.

ஜூலை 20, சனி

அத்தைக்குப் போன் செய்தேன். மாமா கடையில் இருக்கும் நேரம் பார்த்து.

"அத்தை, மாமா மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"எந்த மாத்திரை?"

"ஆஸ்பத்திரி மாத்திரை."

"அதை விட்டு ரொம்ப நாளாச்சே. பேப்பர்ல வந்த வாரமே விட்டாச்சு. நீதான விடச் சொன்ன?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"'அவளக் கேட்டுட்டேன், கீரை போதும்னுட்டா'ன்னு அவுக சொன்னாகளே. நான்கூடச் சத்தம் போட்டேன். 'டாக்டருக்குப் படிச்சவ சொல்றா, நீ ரேசன் கார்டைத் தவிர என்னத்தப் படிச்ச'ன்னு என்னைய ஏசினாக. ஏன் செண்பா, நீ சொல்லலையா?"

"கீரை சாப்பிடலாம்னு சொன்னேன் அத்தை."

"அதத்தான கேக்கேன்."

இங்கே ஒன்றை எழுத வேண்டும். ஜூன் 11 அன்று குடும்பக் குழுவில் செய்தி "வந்திருந்தது" என்று எழுதியிருக்கிறேன். அனுப்பியது நான்தான். தலைப்பு நன்றாகத் தெரியும்படி பெரிதாக்கி.

ஜூலை 21, ஞாயிறு

மதியம் கடையில் கூட்டம் இருக்காது. மாமா பின்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். எதிரில் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த எதுவும் வரவில்லை.

"மாமா, கீரை ஒண்ணும் செய்யாது. நான் சோதனையத் தப்பாப் பண்ணிட்டேன். கீரையக் கரைக்கிறதுக்கு ஊத்துன தண்ணிதான் அந்தச் செல்லை நிப்பாட்டுச்சு. கீரை இல்ல."

கை நிற்கவில்லை. மாவை மடித்தார், அழுத்தினார், மடித்தார்.

"அப்போ அந்தத் தண்ணியக் குடிக்கலாமா?"

"மாமா."

"சும்மா கேட்டேன் தாயி. மூஞ்சியத் தூக்கு."

"மாத்திரைய ஏன் விட்டீங்க? கீரையையும் சாப்பிட்டு மாத்திரையையும் சாப்பிட்டிருக்கலாம்ல?"

"கைய வச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருந்தேன்ல, அப்ப நீ பாக்கல. உங்க அத்தை எனக்குச் சோறு ஊட்டிவிட்டா. குண்டி கழுவப் பை இருக்கு, ஆள் வேண்டாம். ஆனா சட்டைப் பொத்தான் போட ஆள் வேணும். கடையில வேற மாஸ்டரப் போட்டுட்டான். வடக்கத்திப் பையன். நல்லாத்தான் வீசுறான்." மாவை ஓங்கி அறைந்தார். "கீரை கேன்சரைக் கொல்லும்னு நான் நம்புனேன்னா நினைக்க? தண்டவாளம் பூராம் முளைச்சுக் கெடக்கு. அது கொல்லும்னா ரயில்வேக்காரன் ஒருத்தனுக்கும் கேன்சர் வராதே."

"பின்ன?"

"மாத்திரைய விடுறதுக்கு ஒரு ஆளு சரின்னு சொல்லணும்ல. உன்னையக் கேட்டேன். திங்கலாமான்னுதான் கேட்டேன், இதை நிறுத்தலாமான்னு கேக்க வாய் வரல. வேண்டாம்னு ஒரு வார்த்தை வரும்னு போனைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். வரல. சரி, அதுக்குமேல கேக்கக் கூடாதுன்னு வச்சுட்டேன்."

ஈரத் துணியை எடுத்து மாவை மூடினார். கையைத் துடைத்துவிட்டு என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"அன்னைக்கு வந்தேல்ல. இந்தக் கையப் பாத்த. நீ பாத்தத நானும் பாத்தேன். மாத்திரைய விட்டாத்தான் இது ஆறும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மாமா."

"நம்ம தாயி படிச்ச புள்ள, கண்டுபிடிச்சிருச்சு, இப்பத் திட்டப் போகுதுன்னு நெஞ்சு அடிச்சுச்சு. நீ ரெண்டு புரோட்டாவத் தின்னுட்டு பஸ் ஏறிட்ட. அப்பத்தான் எனக்கு நிம்மதியாச்சு. இவளே பேசாமப் போறான்னா ஒண்ணும் மோசமில்லைன்னு."

குறை சொல்லும் குரலே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

நான் அழுதேன். "எண்ணெய் டின்னு துருப்பிடிச்சிரும்" என்றார்.

ஜூலை 25, வியாழன்

ஆஸ்பத்திரி. டாக்டருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

"மாத்திரைய யார் நிறுத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். கை உரிஞ்சுச்சு, நானா விட்டுட்டேன்."

"உரிஞ்சா வந்து சொல்லணும்லய்யா? அளவக் குறைச்சுக் குடுத்திருப்போம். க்ரீம் இருக்கு. அதுக்காக மொத்தமா விடுவாங்களா?"

மாமா கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். பேச்சை மாற்ற நினைத்திருக்க வேண்டும். "இது எங்க அக்கா மக சார். கேன்சர்லதான் ஆராய்ச்சி பண்ணுது." பெருமையாகத்தான் சொன்னார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அப்படியா? கை திடீர்னு சரியானத நீங்க கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு ஊரில் இருக்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். மாமா அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். மேசைக்குக் கீழே அவர் கால் என் காலைத் தொட்டது.

"கவனிச்சேன் சார்."

அவர் மேலும் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். ஸ்கேன் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 30

செல்களுக்கு உணவுத் திரவம் மாற்றினேன். தௌஃபீக் டீக்குக் கூப்பிட்டான். போனேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கல்லீரலில் இரண்டு புள்ளிகள். தை மாத ஸ்கேனில் இல்லாதவை.

இனி மாத்திரை மட்டும் போதாது, நரம்பில் ஊசியும் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். மாமா முதலில் கேட்டது, "கைக்கு என்னாகும் சார்?"

"விரல் மரத்துப்போகும். ஜில்லுன்னு எதையும் தொடக் கூடாது. சூடும் சரியாத் தெரியாது, அடுப்புகிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்."

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "சூடு தெரியாதாம். மாஸ்டருக்கு வேற என்ன வேணும்."

அத்தை சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "மாத்திரைய விடாம இருந்திருந்தா இது வந்திருக்காதா சார்?" என்று கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "அப்படித் திட்டமாச் சொல்ல முடியாதும்மா. ஒழுங்காச் சாப்பிட்டவங்களுக்கும் வந்திருக்கு."

திரும்பும்போது பஸ்ஸில் அத்தைக்கு முன்னால் இடம் கிடைத்தது. நானும் மாமாவும் பின்னால். மாமா ஜன்னலோரம். வயிற்றுப் பையின் மேல் ஸ்கேன் உறையைப் பிடித்திருந்தார், யாரும் இடித்துவிடாமல்.

"டாக்டரே சொல்லிட்டாருல்ல தாயி. ஒழுங்காச் சாப்பிட்டவனுக்கும் வருதாம்."

"ம்."

கொஞ்ச தூரம் போனது. "உன்னால ஒண்ணும் இல்ல. அவரு பெரிய படிப்பு. அவரே சொல்லிட்டாரு." கயத்தாறு தாண்டியும் சொன்னார். ஊர் நெருங்கியபோது, நான் கேட்கவில்லை என்று நினைத்து என் தோளைத் தட்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கல்லீரலில் புள்ளிகள் இருப்பது அவருக்கு. ஆறுதல் எனக்கு.

போதும் மாமா என்று நான் சொல்லவில்லை. கேட்கக் கேட்க நன்றாக இருந்தது.